வாசலும் கிணறும்

(மார்கழி மாலையில் பம்மலில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பம்மல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் சம்பந்த முதலியார். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். நாடகத்தில் நடிப்பது குடும்பத்துக்கு இழுக்கு என்று படித்தவர்கள் ஒதுங்கி நின்ற காலத்தில், வக்கீல்களையும் பட்டதாரிகளையும் அரிதாரம் பூச வைத்தார். கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்த ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கித் தமிழ் மேடையில் நிறுத்தினார். தான் படித்த படிப்பு தன்னோடு நின்றுவிடக் கூடாது என்று நினைத்த மனிதர் அவர். நான் இன்று பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

'பல்கலைக்கழகமும் மக்களும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களின் ஆண்டறிக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆராய்ச்சிக்கு ஓர் அத்தியாயம், சமூக வாழ்வுக்கு ஓர் அத்தியாயம், பன்னாட்டு உறவுக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்து அச்சிட்டிருப்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவை மூன்றும் ஒரே இழை. சிக்குக்கோலத்தின் இழையைப் போல, எங்கே தொட்டாலும் மற்ற இடத்துக்குப் போய்ச் சேரும். நடுவில் அறுந்தால் கோலமே இல்லை. இதை விளக்க உங்களுக்கு இரண்டு கதைகள் சொல்கிறேன். ஒன்று வாசலில் தொடங்குகிறது. மற்றொன்று கிணற்றில் முடிகிறது. இரண்டும் நம் சுற்றுவட்டாரத்துக் கதைகள்.

முதலில் வாசல்.

எங்கள் எதிர்வீட்டு அம்மா மார்கழியில் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார். தெருவில் இப்போது சாணம் கிடைப்பதில்லை. தண்ணீர் தெளித்துப் பெருக்கி, ஈரம் உலர்வதற்குள் புள்ளி வைக்கிறார். ஐந்து புள்ளி, ஒன்றில் முடியும் நேர்ப்புள்ளி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அரிசி மாவு கம்பியாக இறங்குகிறது. கை எங்கும் தயங்குவதில்லை. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக்கொண்டு, போட்ட கோட்டையே குறுக்கே தாண்டி, புறப்பட்ட இடத்துக்கே இழை வந்து சேர்ந்துவிடுகிறது. ஒருநாள் கேட்டேன்: "இவ்வளவையும் எப்படிம்மா ஞாபகம் வெச்சிருக்கீங்க?"

"ஞாபகம் என்ன சார், கை போகுது. இங்க சுத்தணும், இங்க நெளிக்கணும், அப்புறம் திரும்பணும். ஏழு புள்ளின்னாலும் இதேதான். கூடக் கொஞ்சம் சுத்து, அவ்வளவுதான்."

இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆராய்ச்சித் துறையே இந்தப் பதிலுக்குள் இருக்கிறது.

நம் ஊரிலிருந்து சைக்கிள் மிதித்தே போய்விடலாம், தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இருக்கிறது. 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் நகரத்தில் தொடங்கிய பள்ளி அது. வில்லியம் மில்லர் காலத்தில் பெரிய கல்லூரியாக வளர்ந்தது. பரிதிமாற் கலைஞர் அங்கேதான் தமிழ் கற்பித்தார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1937-இல், ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டை ஒட்டிய 365 ஏக்கர் நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அன்று அது முட்புதர் மண்டிய பொட்டல். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அங்கே மரங்களை நட்டு வளர்த்தார்கள். சேலையூர் விடுதி, புனித தோமையர் விடுதி, பிஷப் ஹீபர் விடுதி என்று மாணவர்கள் கூடி வாழும் இடங்கள் எழுந்தன. வகுப்பு முடிந்த பிறகும் ஆசிரியரும் மாணவரும் ஒரே மரத்தடியில் நடந்து பேசும் வாழ்க்கை உருவானது. வளாகம் என்பது கட்டடங்களின் தொகுப்பு மட்டும் அல்ல, சேர்ந்து வாழ்வதற்கான இடம் என்பதை அந்த மரங்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அந்த வளாகத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. 1932-இல் பிறந்து 1988-இல் மறைந்தார். அவருடைய ஆர்வங்களைப் பட்டியலிட்டால் ஒரே ஆளா என்று தோன்றும். மாமல்லபுரத்துச் சிற்பங்களின் அணிகளை ஒப்பிட்டுக் காலத்தைக் கணிக்க முயன்றார். சிந்துவெளி எழுத்துகளைப் புள்ளியியல் கண்ணால் பார்த்தார். அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினி அடையாளம் காண வழி தேடி, 1978-லேயே கட்டுரை எழுதினார். வளாகத்துப் பறவைகளையும் செடிகளையும் கணக்கெடுத்தார். இத்தனைக்கும் ஆதாரம் ஒரு பழக்கம்தான்: கண்ணுக்கு எதிரே இருப்பதை அற்பமென்று ஒதுக்காமல் உற்றுப் பார்ப்பது.

அப்படி உற்றுப் பார்த்தவற்றில் ஒன்று கோலம்.

அவருடைய மனைவி ராணி சிரோமணியும் அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கணினி அறிவியலின் கோட்பாட்டுத் துறையில் நம் நாட்டு முன்னோடிகளில் ஒருவர். 2019-இல் காலமானார். அவர்கள் இருவரும், அவர்களோடு ஆராய்ச்சி செய்த கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, 1974-இல் ஒரு பன்னாட்டு ஆய்விதழில் கோலத்துக்கு இலக்கணம் எழுதி வெளியிட்டார்கள். அது என்ன இலக்கணம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் விளக்குகிறேன்.

மொழிக்கு இலக்கணம் உண்டு. சில விதிகளை வைத்துக்கொண்டு எண்ணற்ற வாக்கியங்களை உண்டாக்கலாம். இதைக் கணித வடிவில் அமெரிக்க அறிஞர் நோம் சோம்ஸ்கி 1950-களில் எழுதிக் காட்டினார். ஆனால் வாக்கியம் ஒரே வரிசையில் ஓடுவது. ஓவியம் அப்படியல்ல, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பரவுவது. தாம்பரத்துக்காரர்கள் அந்த இலக்கணத்தை வரிசையிலிருந்து பரப்புக்குக் கொண்டுவந்தார்கள். சிறிய கோலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு பகுதியும் அடுத்த கட்டத்தில் எதுவாக மாற வேண்டும் என்று விதி எழுதுங்கள். விதியை ஒருமுறை ஓட்டினால் நடுத்தரக் கோலம், இன்னொரு முறை ஓட்டினால் பெரிய கோலம், மறுபடியும் ஓட்டினால் தெருவையே அடைக்கும் கோலம். ஒரே விதி, ஒரு குடும்பம் முழுக்கக் கோலங்கள். எதிர்வீட்டு அம்மா சொன்னது நினைவிருக்கிறதா? "ஏழு புள்ளின்னாலும் இதேதான்." அதே உண்மைதான், அங்கே கணிதக் குறியீட்டில் இருந்தது.

பிறகு கம்பிக்கோலத்தை அவர்கள் இன்னொரு வழியில் அணுகினார்கள். கோலம் போடுகிறவர்கள் அதை ஒரு படமாக மனத்தில் வைத்திருப்பதில்லை, கை அசைவுகளின் தொடராக வைத்திருக்கிறார்கள் என்று கண்டார்கள். நேரே போ, வலப்பக்கம் வளை, இடப்பக்கம் சுற்று, திரும்பு என்பது போல ஒரு சில அசைவுகள்; அவற்றின் வரிசைதான் கோலம். "கை போகுது" என்றாரே, அதுதான் இது.

இனி இந்த இழை எங்கெங்கே போயிற்று என்று பாருங்கள். 1968-இல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியல் அறிஞர், பாசியும் செடியும் வளரும் விதத்தைச் சொல்ல ஒரு விதிமுறையைக் கண்டுபிடித்தார். எல்லாச் செல்களும் ஒரே சமயத்தில் பிரிவது போல, எல்லாக் குறிகளும் ஒரே சமயத்தில் மாறும் முறை அது. கோலம் வளர்வதற்கும் அந்த முறை பொருந்தியது. கனடாவில் பிரஸ்மிஸ்லாவ் புருசின்கீவிச் தாம் எழுதிய நூலில், கணினி வரைந்த செடிகளோடு, கண்ணனின் சலங்கை என்று பொருள்படும் பெயரில் நம் கோலம் ஒன்றையும் சேர்த்தார். அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் 2002-இல் கோலத்தைப் பற்றி உலக வாசகர்களுக்கு எழுதினார். ஜப்பானில் கோலத்தின் வடிவமைப்பு பற்றி 2007-இல் ஆய்வு வெளிவந்தது. பொழுது ஏறுவதற்குள் காலடியில் அழிந்துபோகும் மாவுக்கோடு கடல் கடந்து அறிஞர்களின் மேசைகளில் நிலைத்துவிட்டது.

பன்னாட்டு உறவு என்றால் விமானம் ஏறுவதும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும் என்று நினைக்கிறோம். அவையும் வேண்டியவைதான். ஆனால் உலகம் நம் வீட்டைத் தேடி வருவது, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்றை நாம் ஆழமாகப் புரிந்துகொண்டு எடுத்துச் சொல்லும்போதுதான். கோலத்தைப் பற்றி உலகத்துக்குச் சொல்லத் தாம்பரத்தை விடத் தகுந்த இடம் எது? அங்கே ஆசிரியர்கள் நல்ல கணிதம் கற்றிருந்தார்கள். அந்தக் கணிதத்தோடு வாசலில் குனிந்து பார்க்கும் பணிவும் அவர்களிடம் இருந்தது. ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போயிருந்தால் அந்த ஆராய்ச்சி பிறந்திருக்காது.

இரண்டாவது கதைக்குப் போகும் வழியில் குரோம்பேட்டையில் சற்று இறங்கிக்கொள்வோம். தொழிலதிபர் சி. ராஜம் 1949-இல் அங்கே சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கினார். நாம் எல்லோரும் எம்.ஐ.டி. என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். 1978 முதல் அது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். விமானவியல், மின்னணுவியல் போன்ற படிப்புகள் நாட்டுக்குப் புதிதாக இருந்த நாளில் அவற்றைக் கற்பித்த இடம். ராமேசுவரத்திலிருந்து ஓர் இளைஞர் அங்கே சேர வந்தார். கட்டணத்துக்காக அவருடைய அக்கா சொஹரா தன் தங்க நகைகளை அடகு வைத்தார். அந்த இளைஞர்தான் அப்துல் கலாம்.

கலாமைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ராக்கெட்டுக்குத் தாவிவிடுகிறோம். எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு செய்தி. எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. நம் விமானத்தை நாமே உருவாக்க வேண்டும் என்பது பற்றித் தமிழில் கட்டுரை எழுதி அதில் கலாம் முதல் பரிசு பெற்றார். பரிசைக் கொடுத்தவர் அப்போது ஆனந்த விகடனின் ஆசிரியராக இருந்த தேவன். யோசித்துப் பாருங்கள். பாடம் ஆங்கிலத்தில், அவருக்குக் கற்பித்த பேராசிரியர்களில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஸ்போண்டரும் ஒருவர். ஆனாலும் அந்த மாணவரின் கனவு தமிழில் எழுதப்பட்டது. தமிழ்ச் சங்கம் மேடை போட்டுக் கொடுத்தது, வெளியிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் வந்து தட்டிக்கொடுத்தார். வளாகத்தின் சமூக வாழ்வு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதே வளாகத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் உழைத்து உருவாக்கிய 40 கிலோ எடையுள்ள அனுசாட் செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20 அன்று விண்ணுக்குப் போனது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் செய்த முதல் செயற்கைக்கோள் அது.

அந்த வளாகம் இருக்கும் ஊரின் பெயரிலிருந்துதான் என் இரண்டாவது கதை தொடங்குகிறது. குரோம்பேட்டைக்கு ஏன் அந்தப் பெயர்?

முன்பெல்லாம் தோலை ஆவாரம் பட்டை ஊறிய நீரில் போட்டுப் பதப்படுத்தினார்கள். வாரக்கணக்கில் ஆகும் வேலை. 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பைக் கொண்டு தோலை விரைவில் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த முறையைச் சென்னையில் சோதித்துப் பார்த்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். பொறியியல் பேராசிரியராக இருந்து, பிறகு கலைத்தொழிற் பள்ளியைப் பார்த்துக்கொண்டவர். எதற்காகச் சோதித்தார்? கவலை ஏற்றத்துக்கு. கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் தோல் சால் ஓயாமல் நனைந்து சீக்கிரம் கெட்டுப்போகும். குரோம் தோல் தண்ணீரைத் தாங்கும். உழவனின் சால் நீண்ட நாள் உழைக்கட்டும் என்றுதான் அந்தச் சோதனை. ஆராய்ச்சி, ஊர் மக்களின் தேவை, உலகத்து அறிவு ஆகிய மூன்றும் கைகோத்த அருமையான தொடக்கம்.

1912-இல் சேம்பர்ஸ் என்பவர் நம் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். கம்பெனியால் ஊருக்குக் குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. பின்னாளில் நாகல்கேணி, பம்மல், பல்லாவரம் பக்கமெல்லாம் தோல் பதனிடும் ஆலைகள் பெருகின. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அவை சோறு போட்டன. அதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. இந்த அவையிலும் தோல் ஆலைச் சம்பளத்தில் படித்து முன்னுக்கு வந்தவர்கள் இருப்பீர்கள்.

ஆனால் கிணறு என்ன ஆனது? தொட்டியில் போடும் குரோமியம் முழுவதையும் தோல் உறிஞ்சிக்கொள்வதில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தோலில் ஏறும், மிச்சம் கழிவுநீரோடு போகும். தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பும் கூடவே போகும். வருடக்கணக்கில் அது மண்ணில் இறங்கியது. நான் இந்த ஊருக்குக் குடிவந்த புதிதில் எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளி விட்டு மொண்டு குடித்திருக்கிறோம். சில ஆண்டுகளில் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. துவைத்த வேட்டியில் மஞ்சள் படிந்தது. பிறகு கிணற்றைப் பலகை போட்டு மூடிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். உங்களில் பலரும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். நாகல்கேணி என்ற பெயரிலேயே கேணி இருக்கிறது. கேணியின் பெயரால் அமைந்த ஊரில் கேணி நீரைக் குடிக்க முடியவில்லை. கிணற்று நீரை மொள்ளும் சாலுக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி, அந்தக் கிணற்றையே கெடுத்துவிட்ட வேதனையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அறிவு அதோடு கைவிட்டுவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 1948-இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார், பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் கிடைக்கச் செய்தார். படிப்பும் ஆராய்ச்சியும் தொழிலும் ஒரு மதிலுக்கு இப்புறமும் அப்புறமும் இருக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். கழிவுநீரில் போகும் குரோமியத்தை மக்னீசியம் ஆக்சைடு கொண்டு படிய வைத்து, அமிலத்தில் கரைத்து, மறுபடியும் தோலுக்கே பயன்படுத்தும் முறை அங்கே வளர்ந்தது. 1996-இல் வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. அன்றைய செங்கை மாவட்டமும் அதில் அடங்கும். பல்லாவரத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. அண்ணா பல்கலைக்கழக நிலவியல் துறையினர் குரோம்பேட்டைப் பகுதிக் கிணறுகளின் நீரை எடுத்து ஆராய்ந்து, 2012-இல் ஒரு பன்னாட்டு இதழில் வெளியிட்டார்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. நம் கிணறுகளை அந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது.

நண்பர்களே, இங்கேதான் இழை அறுந்து கிடக்கிறது. நம் கிணற்றைப் பற்றி எழுதியதை வெளிநாட்டில் ஓர் ஆய்வாளர் தன் மேசையிலிருந்தே படிக்கலாம். கிணற்றின் சொந்தக்காரர் எங்கே போய்ப் படிப்பார்? நம் வாசல் கோலத்தைப் பற்றி எழுதியது கனடா வரை போயிற்று. கோலம் போட்ட பெண்ணிடம் யாராவது வந்து, "அம்மா, நீங்கள் சொன்னதைத்தான் நாங்கள் எழுதினோம்" என்று சொன்னார்களா? போன வேகத்தில் ஒரு பங்காவது திரும்பி வர வேண்டாமா?

ஆகவே நம் வட்டாரத்துக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் என் வேண்டுகோள் இது. எங்கள் மண்ணையோ நீரையோ மொழியையோ வாழ்க்கையையோ ஆராய்ந்து பட்டம் பெறும் ஒவ்வொருவரும், பட்டம் வாங்குவதற்கு முன் ஒரு மாலை இப்படி ஒரு கூடத்துக்கு வாருங்கள். கண்டுபிடித்ததைத் தமிழில் சொல்லுங்கள். கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஆய்வேட்டோடு தமிழில் நான்கு பக்கச் சுருக்கம் ஒன்றைக் கட்டாயமாக்குங்கள், அது எங்கள் நூலகத்துக்கும் வரட்டும். 2004-இலேயே அண்ணா பல்கலைக்கழகம் சமுதாய வானொலி தொடங்கி, வளாகத்தைச் சுற்றியுள்ள மக்களின் குரலை ஒலிபரப்பிக் காட்டியது. வழி புதிதல்ல, அதில் தொடர்ந்து நடக்கத்தான் ஆள் வேண்டும். வெளிநாட்டு மாணவர்கள் இங்கே வந்து தங்கிப் படிக்கிறார்கள். அவர்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போவது போல நாகல்கேணிக்கும் அழைத்துப் போங்கள். நம் சிற்பத்தின் பெருமையைப் பார்ப்பவர்கள் நம் கிணற்றின் துயரத்தையும் பார்க்கட்டும். அவர்கள் ஊரிலும் ஓர் ஆறு இப்படிக் கெட்டு, பிறகு மீண்டிருக்கலாம். அந்த அனுபவத்தை நமக்குச் சொல்லட்டும்.

நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. "அதெல்லாம் பெரிய படிப்பு, நமக்கு எதுக்கு" என்று ஒதுங்கக் கூடாது. ஒரு மாணவி கையில் குப்பியோடு வந்து கிணற்று நீர் கேட்டால், கொடுங்கள். கூடவே, "முடிவு வந்ததும் எனக்கும் வந்து சொல்லும்மா" என்று கேளுங்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இந்தக் கூட்டத்துக்கு ஒப்புக்கொண்ட பிறகு, எதிர்வீட்டு அம்மாவிடம் 1974-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். கோலமாவுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். "இதுக்குக்கூட இலக்கணம் எழுதியிருக்காங்களா" என்று முகம் மலர்ந்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "சார், கோலத்தைப் பத்தி இவ்வளவு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களே, நம்ம கிணத்துத் தண்ணியைப் பத்தியும் எழுதியிருப்பாங்க இல்ல? அதுல என்ன போட்டிருக்கு?"

இன்றைய பேச்சு முழுக்க அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். அன்றிரவு கிணற்று நீர் ஆய்வை எடுத்து உட்கார்ந்து, அதன் சாரத்தைத் தமிழில் எழுதினேன். என் கையெழுத்தில் மூன்று பக்கம் வந்திருக்கிறது. ஒரு பிரதியை இந்த மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன், வேண்டியவர்கள் எடுத்துப் படியுங்கள். இன்னொரு பிரதி என் சட்டைப் பையில் இருக்கிறது. நாளைக் காலை அவர் கோலம் போட்டு முடித்ததும் அதை அவர் கையில் கொடுக்கப் போகிறேன்.